மூன்று விரல் காட்டிய பிள்ளை

1

போன கிழமை என் மகள் வதனியின் பிறந்தநாள். வேலை முடிந்து வரும் வழியில் அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்கள் நடத்தும் கேக் கடையில் இறங்கினேன். கடையில் நின்ற பிள்ளை ஐசிங் குழாயைக் கையில் பிடித்தபடி, "அங்கிள், எத்தினை வயசு எண்டு போட?" என்று கேட்டாள்.

தன் ஒரே பிள்ளையின் வயதைச் சொல்ல ஒரு தகப்பனுக்கு யோசனை எதற்கு? நான் யோசித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். "பதினாறு" என்றேன். அவள் குழாயைக் கேக்கில் வைக்கப் போனபோது, "இல்லைப் பிள்ளை, எண் வேண்டாம். பேரை மட்டும் எழுது" என்றேன்.

"கனடாவில் பிள்ளைகள் கெட்டுப்போகுதுகளாம், உண்மையோ?" என்று ஊரிலிருந்து கடிதம் போடும் நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். ஓம், கெட்டுப்போகிறார்கள். அப்படி ஒரு பிள்ளையைக் கெடுத்த கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். கெடுத்தது கனடா அல்ல. அந்தக் கெட்டித்தனம் முழுக்க என்னுடையது.

2

நாங்கள் வந்தது எண்பத்தாறில். வதனிக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஏஜென்சிக்காரன் அவளுக்காகக் கொண்டுவந்தது வேறு யாரோ ஒரு பிள்ளையின் பாஸ்போட். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. "பாப்பா சின்ன உடம்புதானே, பிரச்சினை இல்லை. கேட்டால் மூண்டு எண்டு சொல்லப் பழக்குங்கோ" என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

பழக்கினேன். லொட்ஜ் கட்டிலில் அவளை எதிரே இருத்தி, "வயசு என்ன?" என்று கேட்பேன். அவள் ஐந்து விரலையும் விரிப்பாள். நான் இரண்டு விரலை மடக்கிவிடுவேன். சரியாகக் காட்டினால் ஒரு ரொபி இனிப்பு. இரண்டு நாளில் ஒரு பை ரொபி முடிந்தது. பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று விரல்தான்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குனிந்து அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்கே விளங்கவில்லை. வதனி மூன்று விரலைக் காட்டினாள். அவர் சிரித்து அவள் சட்டையில் ஒரு சிரிப்பு முக ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டார்.

அகதி மனு எழுதும்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாஸ்போட் எங்களுடையது அல்ல என்றும், பெயர்கள் வேறு என்றும் நாங்களே ஒப்புக்கொண்டோம். அதே மூச்சில் பிள்ளையின் வயதையும் திருத்தியிருந்தால் யாரும் எங்களைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். ஆனால் அப்போது நாங்கள் ஒதுங்கியிருந்த அப்பார்ட்மென்டில் எல்லாருக்கும் ஒரே உபதேசம்: "வயசைக் குறைச்சே விடுங்கோ அண்ணை. கீழ் வகுப்பில சேர்த்தா இங்கிலீசு தன்ர பாட்டில வரும். நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள்." எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சொத்துப்பத்து எதுவும் கொடுக்க வழியில்லாத தகப்பன், மகளுக்கு இரண்டு வருடமாவது கொடுக்கிறேன் என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். மனுவில் பிறந்த ஆண்டு 1981க்குப் பதில் 1983 என்று எழுதினேன். பிறப்புச் சான்றிதழ் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது என்றும் எழுதினேன். அது கிளிநொச்சியில் என் அண்ணையின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

இதில் எழுதியதெல்லாம் உண்மைதானே என்று மனுவை வாங்கிய அதிகாரி கேட்டார். யெஸ் சேர் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அதுதான் நல்ல சுத்தமாக வரும்.

3

வதனி முதலில் மூளைசாலி என்று பெயரெடுத்தாள். நேசரி ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, இந்த வயதில் தானே சப்பாத்து நாடா கட்டுகிற பிள்ளையைத் தான் கண்டதில்லை என்றார். என் மனைவி மனோ வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். பிள்ளைக்கு அப்போது ஆறரை வயது.

ஐந்தாம் வகுப்பில் ஓடத் தொடங்கினாள். நான் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். போகவர மூன்று மணித்தியாலம். அதனால் ஆரம்பத்தில் அவள் ஓடியதை நான் பார்த்ததில்லை, கிடைத்த ரிபன்களைத்தான் பார்த்தேன். எல்லாம் நீலம், அதாவது முதலாமிடம். மனோ அவற்றைச் சாமித்தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தாள்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன். எண்ணூறு மீற்றர். முதல் சுற்று மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்தாள். இரண்டாவது சுற்றின் வளைவில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள். கடைசியில் அவளுக்கும் இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் நடுவே ஒரு லொறி போகலாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்த இரண்டு வருடம் எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

அன்றைக்குத்தான் ஜெரி என்னிடம் வந்தார். தொப்பியும் நிறுத்தக் கடிகாரமுமாக வேலியோரம் நின்றவர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அமெரிக்கக் கல்லூரிக்கு ஓட்டப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறவராம். எனக்கு நம்ப முடியவில்லை. "இவள் இப்பதானே ஏழாம் வகுப்பு, கல்லூரிக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு" என்றேன், கையும் சைகையுமாக. அவர் சிரித்தார். பதின்மூன்றில் பிடிக்காவிட்டால் பதினைந்தில் வேறு கல்லூரி பிடித்துவிடும் என்றார். இப்போதைக்குக் கையெழுத்து ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். கோடை விடுமுறைக்குக் கல்லூரியின் பயிற்சி முகாமுக்கு அனுப்புங்கள், பள்ளி முடிந்ததும் நான்கு வருடப் படிப்பு இலவசம் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனோ கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டாள். வதனி போய்த் தன் ஓட்டச் சப்பாத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் தொடங்கிக் காலையில் எங்களுக்கு முன்னே எழும்பினாள்.

4

ஜெரி வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அண்ணையின் கடிதம் வந்திருந்தது. அண்ணையின் மகள் ரியூசனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை, சண்டைக்கென்று இயக்கம் கொண்டுபோய்விட்டது. அண்ணை அழுது கேட்கப் போன இடத்தில், நல்ல உயரமான பிள்ளை என்று சொல்லி அனுப்பினார்களாம். "உன்ரை வதனிக்கும் இதே பதினைஞ்சு வயசுதானே. நீ தப்பினாய் தம்பி" என்று முடித்திருந்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வதனிக்குக் காட்டவில்லை.

மனோ ரோல்ஸும் வடையும் தேத்தண்ணியும் வைத்தாள். ஜெரி நல்ல மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றினார், உறைப்பென்று முகம் சிவந்தும் இரண்டாவது ரோல்ஸ் எடுத்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வதனியைச் சுவரோடு நிற்கச் சொன்னார். உயரம் எழுதினார், கால் நீளம் எழுதினார். என்னையும் மனோவையும் எழும்பி நிற்கச் சொல்லி எங்கள் உயரத்தையும் கண்ணால் அளந்தார். சட்டைப் பையில் இருந்த கடிதம் எனக்கு நெஞ்சில் உறுத்தியது.

எங்கள் இரண்டு பேருக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்த்தது வதனிதான். எங்கள் வீட்டில் டொக்டர், வங்கி, அப்பார்ட்மென்ட் மனேஜர் எல்லாருக்கும் அவள்தான் வாய்.

"அப்பா, போன வருசம் என்ர சப்பாத்து சைஸ் என்ன எண்டு கேக்கிறார்."

போன வருடமும் இந்த வருடமும் ஒரே சைஸ். ஏன் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. "ஆறு எண்டு சொல்லு. இப்ப ஏழு" என்றேன். வதனி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு அப்படியே சொன்னாள். ஜெரி சந்தோசமாக எழுதினார். இன்னும் வளர இருக்கிறது, இப்போதே இந்த வேகம் என்றால் இரண்டு வருடத்தில் எப்படி இருப்பாள் என்றார்.

பிறகு முகாம் விண்ணப்பத்தை எடுத்தார். நிரந்தரமாக இருக்க அனுமதி தந்த லாண்டட் பேப்பரில் பிறந்த தேதி இருக்கிறது, ஆனால் கல்லூரிக்குப் பிறந்த காலத்துப் பத்திரம் ஒன்றின் கொப்பியும் வேண்டுமாம். எரிந்துவிட்டது என்றேன். அதற்கென்ன, ஆஸ்பத்திரித் துண்டு, கோயிலில் பதிந்தது, எதுவென்றாலும் போதும் என்றார்.

இதை வதனி தமிழில் சொன்னதும் மனோவின் முகம் மலர்ந்தது. "சாத்திரியார் எழுதின குறிப்பு இருக்கெல்லோ!" என்று எழும்பினாள்.

மனோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரைவிட்டு வெளிக்கிடும்போது பிறப்புச் சான்றிதழை விட்டுவிட்டு வந்தவள், பிள்ளையின் சாதகக் குறிப்பை மட்டும் சேலைக்குள் சுற்றிக் கொழும்பு, கராச்சி, ரொறன்ரோ என்று மூன்று விமான நிலையம் கடத்தி வந்தவள். கடல் கடந்து பேரும் புகழும் எடுப்பாள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை அந்த வெள்ளைக்காரருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு.

"இரும், அது வேண்டாம்" என்றேன். கண்ணாலும் காட்டினேன்.

"என்னப்பா நீங்கள், அவருக்குத் தமிழ் தெரியுமே?" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சாமித்தட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துவந்து அவிழ்த்தாள்.

ஜெரிக்குத் தமிழ் தெரியாதுதான். கிரகக் கட்டங்களைப் பார்த்து, எவ்வளவு அழகான எழுத்து என்று வியந்தார். ஆனால் எங்கள் சாத்திரியார் கெட்டிக்காரர். தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் எல்லாம் எழுதிவிட்டு அதற்குக் கீழே இங்கிலீசுத் தேதியையும் எண்ணில் பெரிதாக எழுதிக் கோடு போட்டிருந்தார். எண் எல்லா நாட்டிலும் எண்தான். ஜெரியின் விரல் அந்த 1981இல் வந்து நின்றது. மறுகையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். திரும்பவும் குறிப்பைப் பார்த்தார்.

மனோ இன்னும் சிரித்தபடி நின்றாள். அந்த வருடம் குடியுரிமை கேட்டு நாங்கள் போட்ட சிற்றிசன் விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அரசாங்கத்துக்குப் பொய் சொல்லி வந்த குடும்பம் என்று ஒரு வார்த்தை போதும், பத்து வருடமும் பாழ். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல் வதனியைப் பார்த்தேன். அவளும் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"இது என்னுடையதல்ல. என் அக்காவுடையது. அவள் ஊரில் இறந்துபோனாள். அம்மா இன்னும் வைத்திருக்கிறார்."

ஜெரி தொப்பியைக் கழற்றினார். எனக்குக் கை கொடுத்தார். மனோவிடம் போய் மிகவும் வருந்துகிறேன் என்றார். மனோவுக்கு இங்கிலீசு குறைவு. ஆனால் சிஸ்ரர், டெட் என்ற இரண்டு சொல்லும் அவளுக்கு விளங்கும். அவள் கை தானாக வயிற்றில் போய் நின்றது.

"அம்மா, உதைக் கொண்டுபோய் வையுங்கோ" என்றாள் வதனி.

5

மூன்று நாள் அவள் வழக்கம்போலவே இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், பயிற்சிக்குப் போனாள், சாப்பிட்டாள். நான்காம் நாள் கட்டடத்தின் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் நானும் அவளும் நின்றோம். மெசினுக்குள் உடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, மூண்டு விரல் காட்டச் சொன்னனீங்கள். ஐ ரிமெம்பர். ரொபி தந்தனீங்கள்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போட், மனு, அலுமாரியில் கிடந்த சான்றிதழ், எல்லாம். அவள் மெசின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எனக்குப் பதினைஞ்சு."

"ஓம்."

"நான் ஓடினதெல்லாம் சின்னப் பிள்ளையளோட."

மெசினில் போட நான் பையில் சில்லறையைத் தேடினேன்.

"அப்ப நான் ஒருநாளும் வெல்லேல்லையா அப்பா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் சொன்னது இதுதான்: "ரெண்டு வருசம் என்ன பெரிய விசயமே? ஆருக்குத் தெரியும்? நீ பேசாமல் ஓடு பிள்ளை. அந்த மனுசன் நம்பியிட்டான்தானே." சொல்லி முடிக்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அந்த இலவசப் படிப்பை என்னால் விட முடியவில்லை. வதனி கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அடுத்த போட்டிக்கு முன்னர் அவள் உடற்பயிற்சி ரீச்சரிடம் போய்ப் பதினைந்து வயதுப் பிரிவில் தன்னை ஓட விடும்படி கேட்டிருக்கிறாள். சிறிய பிள்ளை பெரிய பிரிவில் ஓடத் தடை இல்லையாம். ரீச்சர் சம்மதித்தார். மைதானத்துக்குப் போன பிறகுதான் எனக்கு இது தெரியும். ஜெரியும் வந்திருந்தார்.

எட்டுப் பேர். அவளுக்கு இரண்டு பக்கமும் அவளளவு உயரப் பிள்ளைகள். முதல் தடவையாக அவள் கூட்டத்துக்குள் மறைந்து ஓடியதைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றின் வளைவில் வழக்கம்போல வேகத்தைக் கூட்டினாள். அவளோடு மற்றவர்களும் கூட்டினார்கள். முழங்கை இடித்தது, ஒருதரம் தடுமாறினாள். கடைசி நூறு மீற்றரில் ஒருத்தியைப் பிடித்து முந்தினாள். ஐந்தாவதாக வந்தாள்.

புல்லில் விழுந்து கிடந்தவளுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நீல ரிபன் வாங்கிய எந்த நாளிலும் நான் அவள் முகத்தில் கண்டதில்லை.

"ஐஞ்சாவது அப்பா. இது என்ர."

அதற்குள் ஜெரி வந்துவிட்டார். கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குதிக்காத குறை. பதின்மூன்று வயதில், பதினைந்து வயதுக்காரிகளோடு, ஐந்தாவது! இப்படி ஒரு பிள்ளையைத் தான் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். கல்லூரிக்கு இன்றைக்கே போன் பண்ணப்போகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற தாய் தகப்பன்மாருக்கும் சொன்னார். அவர்கள் கை தட்டினார்கள்.

வதனியின் சிரிப்பு போய்விட்டது. அவள் எழும்பி உட்கார்ந்து ஆணிச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். நேசரி ரீச்சர் புகழ்ந்த அதே கைகள். ஒன்றைக் கழற்றினாள், மற்றதையும் கழற்றினாள். ஓடுவது தனக்குப் பிடிப்பதில்லை, அப்பாவின் ஆசைக்காகத்தான் ஓடினேன், இனி ஓடமாட்டேன் என்று ஜெரியிடம் சொன்னாள். ஜெரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பிள்ளையை வருத்திய தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் இருந்தது. நான் தண்ணீர்ப் போத்தலை மூடினேன். வதனி சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு நடந்து கார் வரைக்கும் வந்தாள்.

அவர் பிறகு மூன்று நாலு தரம் போன் எடுத்தார். வதனியே எடுத்து, நோ தாங்க்ஸ் என்று வைத்துவிட்டாள். சுவரிலிருந்த நீல ரிபன்களை எப்போது கழற்றினாள் என்று எங்களுக்குத் தெரியாது. குத்திய ஊசிகளின் ஓட்டைதான் மிச்சம்.

6

அடுத்த வருடம் எங்களுக்குச் சிற்றிசன் கிடைத்தது. நீதிபதி முன்னால் மூவரும் கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம். வதனியின் அட்டையில் 1983 என்று அச்சடித்துத் தந்தார்கள். அண்ணையின் மகளைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

இப்போது வதனி பத்தாம் வகுப்பு. தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளின் நடுவில் பேசாமல் இருந்துவிட்டு வருகிறாள். எங்களோடு மரியாதையாகத்தான் பேசுகிறாள், அதுதான் எனக்குப் பயம். போன மாதம் நானும் அவளும் ஃபின்ச் பஸ்ஸுக்கு நடந்து போனோம். பஸ் தரிப்பில் வந்து நின்றுவிட்டது. கொஞ்சம் ஓடினால் பிடிக்கலாம். நான் இந்த வயதில் கை காட்டிக்கொண்டு பனியில் ஓடினேன். அவள் அதே நடையில் வந்தாள். பஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை இருபது நிமிடம் இருவரும் குளிரில் நின்றோம்.

பிறந்தநாளுக்கு வேறு யாரையும் கூப்பிடவில்லை. மனோ பதினாறு மெழுகுதிரியை எண்ணிக் குத்தினாள். வதனி ஊதினாள், வெட்டினாள். எனக்கு ஒரு துண்டு ஊட்டினாள், அம்மாவுக்கு ஒரு துண்டு ஊட்டினாள். பிறகு அலுமாரியைத் திறந்து நல்ல தட்டு ஒன்றை எடுத்துவந்து, அதில் ஒரு துண்டை வெட்டி வைத்து, சாமித்தட்டில் அந்த மஞ்சள் துணி முடிச்சுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"உது ஆருக்குப் பிள்ளை?" என்று மனோ கேட்டாள்.

"அக்காவுக்கு. ஷி இஸ் எய்ட்டீன் டுடே."

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. பெருவிரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீடுகளில் அப்படித் தனியாக ஒரு தட்டு வைப்பது யாருக்கென்று அவளுக்குத் தெரியும். மனோ குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதாள்.

விடிந்து பார்த்தபோதும் அந்தத் துண்டு அங்கேயே இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துப் பிறம்ரனுக்குக் கொண்டுபோனேன். மத்தியான இடைவேளையில் கன்ரீன் மேசையில் திறந்தபோது, கூட வேலை செய்யும் குஜராத்திக்காரர், "பிறந்தநாளா? யாருக்கு?" என்று கேட்டார்.

மூத்த மகளுக்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.